நாள் கடந்த பிறகு தெரியவரும் சட்டம்

2016ஆம் ஆண்டு ஏப்ரலில் காணி உரிமை தொடர்பான ஒரு சிறிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. காணி ஆட்சியுரிமை பற்றிய விசேட ஏற்பாடுகளைக் கொண்ட, அந்த வருடத்தின் 5ஆம் இலக்கச் சட்டம் அது. இலங்கையின் பொதுவான சட்டப்படி, வேறொருவரின் காணியில் பத்து வருடங்கள் தடையின்றித் தனக்குரியதாக இருந்தவர் அதற்கு உரிமை கோரலாம். யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடியவர்களுக்கு இந்தப் பத்து வருடக் கணக்கு பெரிய அநியாயமாக இருந்தது. எனவே 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில், ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் தன் உரிமைக்காக நீதிமன்றம் போக முடியாதிருந்த ஒருவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று புதிய சட்டம் சொன்னது. இடம்பெயர்வுக்குப் படையினரும் காரணமாக இருந்தார்கள் என்பதைப் பற்றி அந்த வாசகம் பேசவில்லை. ஆனாலும் காணியை இழந்தவருக்கு அது ஒரு வழியைத் திறந்துவிட்டது.

அந்த வழி இரண்டு வருடங்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. இச்சட்டத்தின் பயனைப் பெற விரும்புபவர் அதற்குள் வழக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலோடு அந்தக் காலம் முடிந்துவிட்டது.

தம்பிலுவிலிலோ திருக்கோவிலிலோ கல்முனையிலோ இந்த இரண்டு வருடங்களைப் பற்றி அந்த நேரத்தில் எத்தனை வீடுகளில் பேசினார்கள் என்று நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுப் பார்க்கலாம். காணிப் பிரச்சினை இல்லாத ஊர் இந்தக் கரையோரத்தில் இல்லை. ஆனால் இப்படி ஒரு சட்டம் இருந்ததையே நம்மில் பலர் நாள் கடந்த பிறகுதான் அறிந்தோம்.

பாடசாலை மாணவர்களுக்குச் சட்டம் கற்பிப்பதைப் பற்றிப் பேசும்போது நாம் தொடங்க வேண்டிய இடம் இதுதான். சட்டம் தெரியாததால் நாம் இழந்தது பெரும்பாலும் நாட்களைத்தான். அந்த நாட்களோடு காணியும், வழக்கும், சில வேளைகளில் ஓர் உயிரைப் பற்றிய தகவலும் போயிருக்கின்றன.

ஒரு மணித்தியால விழிப்புணர்வு

"மாணவர்களுக்குச் சட்ட விழிப்புணர்வுக் கருத்தரங்கு" என்ற தலைப்பில் செய்திகள் எங்கள் பிரதேசங்களிலிருந்து அடிக்கடி வருகின்றன. அவை பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. பாடசாலை மண்டபத்தில் மாணவர்கள் இருத்தப்படுவார்கள். பொலிஸ் நிலையத்திலிருந்தோ பிரதேச செயலகத்திலிருந்தோ ஓர் உத்தியோகத்தர் வருவார். போதைப்பொருள் வைத்திருந்தால் என்ன தண்டனை, தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடினால் என்ன தண்டப்பணம், இணையத்தில் எதைப் போடக்கூடாது என்று சொல்வார். படம் எடுப்பார்கள். கூட்டம் முடியும்.

இவை தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஐஸ் போதைப்பொருள் கிராமங்களுக்குள் வந்துவிட்ட காலம் இது. ஆனால் இந்தக் கூட்டங்களில் மாணவர் கற்பது சட்டத்தின் ஒரு பக்கத்தை மட்டும்தான். சட்டம் என்பது மேலிருந்து வருவது, பிழை விட்டால் பிடிப்பது, அதைச் சொல்பவர் சீருடை போட்டவர் என்பதுதான் அவர் மனதில் பதிகிறது. தன்னைக் கைது செய்பவர் அதற்கான காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கூறுவதை அந்த மண்டபத்தில் அவர் கேட்பது அரிது. கைது செய்யும் நிறுவனமே அந்தப் பாடத்தையும் நடத்தும்போது இந்த இடைவெளி வருவது இயல்பு.

பாடப்புத்தகத்திலும் சட்டம் இருக்கிறது. குடியுரிமைக் கல்வியில் அடிப்படை உரிமைகள், நீதிமன்றங்களின் படிநிலை, ஆட்சியின் மூன்று துறைகள் எல்லாம் வருகின்றன. மாணவர் பாராளுமன்றங்களும் நடக்கின்றன. ஆனால் புத்தகம் நிறுவனங்களின் பெயரைச் சொல்லுகிறது. அங்கே எப்படிப் போவது, எந்த நாளுக்குள் போவது என்பதைச் சொல்வதில்லை. பரீட்சையில் "உயர் நீதிமன்றம்" என்று சரியாக எழுதி புள்ளி வாங்கிய பிள்ளையின் வீட்டில் நாளை ஒரு பிரச்சினை வந்தால், அந்தப் பிள்ளை தன் தாய்க்கு எந்த வழியையும் காட்ட முடியாத நிலையில்தான் இருக்கும்.

நாட்களைக் கற்பித்தல்

மூன்று விடயங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். பத்தாம் தரத்துப் பிள்ளைக்கு ஒரு பாடவேளையில் விளங்கக்கூடியவை இவை.

முதலாவது, அடிப்படை உரிமை மீறல் மனு. அரச நிர்வாகம் ஒருவரின் அடிப்படை உரிமையை மீறினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். கொழும்புக்குப் போகவும் சட்டத்தரணியைத் தேடவும் காசு சேர்க்கவும் தம்பிலுவிலில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த ஒரு மாதம் போதாது. ஆனால் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையில் இருக்கிறது. அங்கே போக ஒரு பஸ் பயணம் போதும்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பிரசை ஏன் இந்தத் தகவலைக் கேட்கிறார் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தைத் தமிழில் கொடுக்கலாம். எழுத முடியாதவர் வாயால் கேட்டால் தகவல் அலுவலரே அதை எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவு சொல்லப்பட வேண்டும். ஒருவரின் உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் தொடர்புபட்ட தகவலாக இருந்தால் 48 மணித்தியாலங்களுக்குள் பதில் தரவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அந்த நிறுவனத்திலேயே மேன்முறையீடு செய்யலாம். அதற்குப் பிறகும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

மூன்றாவது, கைது. சாதாரண சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டவரை 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இந்தக் கணக்கு வேறு. அமைச்சரின் கட்டளையோடு மாதக்கணக்கில் தடுத்து வைக்கலாம். ஒரு பிள்ளை இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய அந்தச் சட்டத்தைப் பற்றி நாம் நீண்ட விளக்கம் கொடுக்க வேண்டியிருக்காது.

வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் பாடநூல்

சமூகத்தின் பங்களிப்பு என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது கதிரை, பந்தல், சிற்றுண்டிச் செலவுதான். சட்டக் கல்வியில் சமூகத்திடம் அதைவிடப் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் பெட்டிக்குள்ளோ பொலித்தீன் பைக்குள்ளோ சுற்றி வைத்திருக்கும் கடதாசிகள்தான் அந்தச் சொத்து. காணி அனுமதிப்பத்திரம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், மரணச் சான்றிதழ், சுனாமி வீட்டுப் பத்திரம் எல்லாம் அதற்குள் இருக்கும். இந்தக் கரையோரத்தின் அண்மைக்கால வரலாறே அந்தப் பைகளுக்குள்தான் இருக்கிறது.

காணி அனுமதிப்பத்திரத்தையே உதாரணமாகப் பார்ப்போம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்பிள்ளைக்கே போகும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைப்போம். ஆனால் அரச காணிகளை ஆளும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், உரித்தாளர் பெயர் குறிக்கப்படாதபோது ஆண்பிள்ளைகளுக்கே முன்னுரிமை கொடுத்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. இதற்கிடையே 2004 டிசம்பர் 26 வந்தது. கடல் கொண்டுபோன வீடுகளில் பல பெண்களின் பெயரில் இருந்தவை. பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள் பல இடங்களில் "குடும்பத் தலைவர்" என்று கணவனின் பெயரில் எழுதப்பட்டன. தாயின் வீடு தகப்பனின் வீடானது ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஒரு கட்டத்தில்தான். படிவத்தை வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை அந்த வீட்டில் இருந்திருந்தால் குறைந்தது ஒரு கேள்வியாவது எழுந்திருக்கும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கும் இப்படி ஒரு கடதாசிக் கதை இருக்கிறது. நீண்ட காலம் அவர்களுக்குக் காட்டப்பட்ட வழி மரணச் சான்றிதழ் எடுப்பது மட்டும்தான். மகன் செத்துவிட்டான் என்று ஒப்பமிட்டால் உதவி கிடைக்கும். ஒப்பமிடாவிட்டால் வங்கிக் கணக்கைக்கூடத் தொட முடியாது. 2016இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் காணாமல் போயிருக்கிறார் என்பதையே உறுதிப்படுத்தும் சான்றிதழை எடுக்கக்கூடியதாக இருக்கிறது. மகன் எங்கே என்ற கேள்வியைக் கைவிடாமலேயே குடும்பத்தின் அலுவல்களை நடத்த அது உதவும். திருக்கோவில் பக்கத்துத் தாய்மார் இந்த வேறுபாட்டை எந்தச் சட்டத்தரணியையும்விடத் தெளிவாக விளக்குவார்கள். அவர்களைப் பார்வையாளராக முன்வரிசையில் இருத்துவதை விடுத்து, விரும்பினால் விளக்குபவராக அழைக்க வேண்டும்.

மொழியும் இப்படித்தான். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஆனால் கரையோரத்து மக்கள் கச்சேரி அலுவலுக்கு அம்பாறை நகருக்குப் போகும்போது சிங்களத்தில் வந்த கடிதத்தை யாரிடம் வாசிப்பிப்பது என்று தேட வேண்டியிருக்கிறது. பொலிஸ் நிலையத்தில் விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்துக்குக் கீழே ஒப்பமிட்டவர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். வாசித்துக் காட்டி விளங்கப்படுத்தும் வரை ஒப்பமிட வேண்டாம் என்ற ஒரு வசனம் பிள்ளையின் மனதில் நின்றால் போதும்.

"சட்டம் எங்களுக்கு என்ன செய்தது?"

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான் அது. 1986இல் உடும்பன்குளத்துக்கும் 1990இல் வீரமுனைக்கும் சட்டம் என்ன செய்தது? அதே 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களுக்கு என்ன நீதி கிடைத்தது? நீதி கிடைக்காத சமூகத்தின் பிள்ளைகளுக்குச் சட்டத்தைப் படிப்பித்தால் அது ஏமாற்று வேலை ஆகாதா?

சட்டத்தைப் புகழ்ந்து படிப்பித்தால் ஏமாற்றுத்தான். மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த அஹ்னப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் தமிழில் எழுதிய "நவரசம்" கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தமிழ்க் கவிதை தெரியாதவர்களின் வாசிப்புக்கு ஒரு இளைஞனின் மூன்றரை வருடங்கள் விலையாகின. வடக்கில் அனந்தி சசிதரன், படையினரிடம் சரணடைந்த தன் கணவர் எழிலனுக்காக 2013இல் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். வவுனியா மேல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமான தீர்ப்பை வழங்கியது 2022 டிசம்பரில். கணவர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் அவர் படையினரிடம் சரணடையவே இல்லை என்ற பேச்சுக்கு எதிராக இன்று ஒரு நீதிமன்றத்தின் கட்டளை எழுத்தில் இருக்கிறது.

இந்த இரண்டு வழக்குகளையும் பிள்ளைகளிடமிருந்து மறைக்கத் தேவையில்லை. சட்டம் எங்கே உதவியது, எங்கே கைவிட்டது, எவ்வளவு காலம் எடுத்தது என்று கணக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பதுதான் பாடம்.

இதற்கு உலகத்தில் முன்மாதிரி இருக்கிறது. 1972இல் வாஷிங்டனில் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் நகரத்துப் பாடசாலைகளுக்குப் போய் அன்றாடச் சட்டத்தைக் கற்பிக்கத் தொடங்கினார்கள். "ஸ்ட்ரீட் லோ" என்று பெயர் பெற்ற அந்தத் திட்டத்தை 1980களின் நடுப்பகுதியில் டேவிட் மக்கொய்ட்-மேசன் என்ற சட்டப் பேராசிரியர் தென்னாபிரிக்காவுக்குக் கொண்டுவந்தார். அது நிறவெறி ஆட்சியின் காலம். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையே இல்லை. அங்கும் இதே கேள்வி எழுந்திருக்கும். அநியாயமான சட்டங்கள் உள்ள நாட்டில் சட்டம் படிப்பிப்பது எப்படி? சட்டம் வேறு, நீதி வேறு, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதும் பாடத்தின் ஒரு பகுதி என்பதுதான் அதற்கான விடை. அவர்களால் அந்தக் காலத்தில் முடிந்தது எங்களால் இன்று முடியாது என்று சொல்வதற்கில்லை.

உள்ளே திரும்பும் கேள்விகள்

ஒரு எச்சரிக்கையும் தேவை. பிள்ளைக்குச் சட்டம் தெரிந்தால் அது அரசாங்கத்தை மட்டும் கேள்வி கேட்காது. ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அது 11ஆம் உறுப்புரை தடை செய்யும் கொடூரமான, இழிவான நடத்துகை என்று உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்பைக் கற்பிக்க முடியாது. திருமண வயதும் இப்படித்தான். பொதுச் சட்டத்தில் 18 வயது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் அப்படி ஒரு எல்லை வைக்கப்படவில்லை. அதைத் திருத்த வேண்டுமென்று முஸ்லிம் பெண்களே பல வருடங்களாகக் கேட்டு வருகிறார்கள். தமிழ்க் கிராமங்களிலோ 18 வயது என்று சட்டம் இருந்தும் பிள்ளையின் படிப்பை நிறுத்திக் கலியாணம் செய்து வைப்பது நின்றபாடில்லை. இரு சமூகமும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டாமல் தத்தம் வீட்டைப் பார்க்க வேண்டிய இடம் இது.

இங்கே பாடசாலைகள் இனத்தால் பிரிந்திருக்கின்றன. திருக்கோவில் வலயப் பிள்ளையும் அக்கரைப்பற்று வலயப் பிள்ளையும் ஒரே மொழியில் படித்தும் ஒரே வகுப்பில் இருப்பதில்லை. கல்முனையில் பிரதேச செயலகப் பிரச்சினை வந்தால் இரண்டு பக்கமும் வீதிக்கு வருகிறது. பெரியவர்கள் கோஷத்தால் பேசுகிறார்கள். காணி, மொழி, கச்சேரிக் கடிதம், கடற்கரை மண் ஆகியவற்றில் இரண்டு சமூகத்தின் பிள்ளைகளுக்கும் இருக்கும் சட்டப் பிரச்சினை பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு தகவல் விண்ணப்பத்தை இரண்டு பாடசாலைப் பிள்ளைகள் சேர்ந்து எழுதுவது, மேடையில் கைகோத்து நிற்கும் நல்லிணக்க விழாவைவிடப் பயன் தரும்.

எங்கே தொடங்கலாம்

பெரிய திட்டமும் வெளிநாட்டு நிதியும் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. பெற்றோரும் பழைய மாணவரும் முறைப்படி பாடசாலைக்குள் வருவதற்கான வழி அதுதான். அதன் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியைப் பெற்று, தவணைக்கு இரண்டு அல்லது மூன்று பாடவேளைகளை ஒதுக்கலாம். அக்கரைப்பற்று, கல்முனை நீதிமன்றங்களில் பேசும் சட்டத்தரணிகளில் பலர் இதே பாடசாலைகளின் பழைய மாணவர்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகளில் ஓய்வுபெற்ற அதிபர்களும் ஆசிரியர்களும் சம்பளமின்றி இருக்கிறார்கள். வேலிச் சண்டையும் கடன் பிணக்கும் எப்படித் தீர்கின்றன என்று அவர்களுக்குத் தெரியும். பொலிஸ் உத்தியோகத்தரும் வரட்டும். ஆனால் அவர் தனியாக வராமல் ஒரு சட்டத்தரணியோடு வரட்டும். பிள்ளைகள் இருவரிடமும் கேள்வி கேட்கட்டும். துஷ்பிரயோகத்துக்கு உள்ளாகும் பிள்ளைக்கு 1929 என்ற இலக்கம் மனப்பாடமாகட்டும்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. வீட்டின் துயரத்தை வகுப்பில் விரித்துக் காட்டும்படி எந்தப் பிள்ளையையும் கேட்கக் கூடாது. பெயர்களை மறைத்த பிரதியைப் பயன்படுத்தலாம். ஆசிரியரைத் தனியே விட்டுவிடவும் கூடாது. நமது பகுதியில் சட்டம், உரிமை என்று பேசிய ஆசிரியரை யாரோ விசாரித்துவிட்டுப் போவது புதிதல்ல. ஊர் பெரியவர்களும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களும் பகிரங்கமாகப் பின்னால் நின்றால்தான் அந்தப் பாடம் தொடரும். சமூகப் பங்களிப்பு அதிகம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

இந்தக் கரையோரத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை படிப்பார்கள். தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிலும் அந்த மரபில் வந்ததுதான். வழக்குரை என்றால் வழக்கை எடுத்துரைத்தல். கையில் சான்றோடு, கேட்க வேண்டிய இடத்துக்கே போய்க் கேட்ட ஒரு பெண்ணின் கதையை நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறோம். எங்கே போவது, எந்தச் சான்றோடு போவது, எந்த நாளுக்குள் போவது என்பதைத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டிருக்கிறோம்.

முதல் பாடத்துக்கு ஒரு வீட்டுவேலை போதும். வீட்டிலுள்ள பழைய கடதாசிகளில் ஒன்றை அம்மாவோடு அல்லது உம்மாவோடு இருந்து வாசித்துவிட்டு வரச் சொல்லலாம். அது எந்த அலுவலகம் கொடுத்தது, எந்தத் திகதி, எந்த மொழி, பதில் கொடுக்க ஏதாவது நாள் குறித்திருக்கிறதா என்ற நான்கு கேள்விகளுக்கு மட்டும் பிள்ளை விடை எழுதட்டும். சில வீடுகளில் அந்த நாள் எப்போதோ கடந்திருக்கும். இன்னும் கடக்காத ஒரு நாள் ஏதாவது ஒரு வீட்டுக் கடதாசியில் இருந்தாலும், அந்தக் குடும்பத்துக்கு அந்த ஒரு பாடம் போதும்.